நிறத்தின் வயது

1

'நான் யார்?' என்பது தத்துவத்தின் ஆதிக் கேள்வி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவன் தனிமையில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தோல் தோலாக உரித்துக்கொண்டே உள்ளே போவதாக ஒரு சித்திரம். உலகத்தில் பெரும்பாலோருக்கு இந்தக் கேள்வி அப்படி வருவதில்லை. யாரோ ஒருவர் வந்து கேட்கிறார். கேட்கும்போதே பதிலும் அவர் கையில் தயாராக இருக்கிறது. கேட்கப்பட்டவன் அந்தப் பதிலை ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். ஆனால் கேள்வியே கேட்கப்படாததுபோல இனி அவன் இருக்க முடியாது.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்று ஒரு சிற்றூர். டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் 1868இல் அங்கே பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பிள்ளைகள் எல்லோரும் பெரியவர்களைப் போல விஸிட்டிங் கார்டு வாங்கி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு விளையாடினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இவன் நீட்டிய அட்டையை மட்டும் வாங்க மறுத்துவிட்டாள். அவ்வளவுதான். அடி இல்லை, வசவு இல்லை. தான் மற்றவர்களிடமிருந்து வேறானவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று 1903இல் வெளியான தம் நூலின் முதல் கட்டுரையிலேயே அவர் எழுதுகிறார். தன்னைத் தன் கண்ணாலும் பிறர் கண்ணாலும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் இரட்டைப் பிரக்ஞை. இருபதாம் நூற்றாண்டில் அடையாளம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள் அந்தச் சொல்லின் பொழிப்புரைகளே.

சிலருக்கு இது பால்யத்தில் நடப்பதில்லை. ஃபிரான்ஸ் ஃபானன் 1925இல் மார்ட்டினிக் தீவில் பிறந்தார். படித்தவர், ஃபிரெஞ்சு மொழியைத் தன் மொழியாகவும் ஃபிரெஞ்சுக்காரர்களைத் தன் மனிதர்களாகவும் நினைத்து வளர்ந்தவர். மருத்துவம் படிக்க ஃபிரான்ஸுக்குப் போன பிறகுதான் அவருக்கு அது நேர்ந்தது. ஒரு வெள்ளைக் குழந்தை தன் தாயிடம் இவரைச் சுட்டிக்காட்டிப் பயந்தது. 1952இல், தமது இருபத்தேழாவது வயதில் அவர் வெளியிட்ட நூலின் மையமான காட்சி அது. கிரேட் பாரிங்டனிலும் சரி, ஃபிரான்ஸிலும் சரி, கேள்வியைக் கேட்டவர் ஒரு சிறு பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம். பின்னால் தேவைப்படும்.

2

இந்த அனுபவத்தை மனோதத்துவம் எப்படி எதிர்கொண்டது? முதலில், அளக்க முற்பட்டது.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் இருவரும் மனோதத்துவவாதிகள். நான்கு பொம்மைகளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த சோதனை 1947இல் அச்சேறியது. எல்லாம் ஒரே வார்ப்பு. இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்புக் குழந்தைகள். அவர்களில் 134 பேர் பள்ளிகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த தெற்கிலிருந்து, 119 பேர் வடக்கிலிருந்து. எந்தப் பொம்மையோடு விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது மோசமாக இருக்கிறது? மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தன. மோசமானது எது என்று கேட்டதற்குப் பாதிக்கு மேல் பழுப்பைக் காட்டின. கடைசியாகத்தான் அந்தக் கேள்வி: உன்னைப் போல இருக்கும் பொம்மை எது? சற்று முன் மோசம் என்று கை காட்டிய பொம்மையை இப்போது தன்னுடையது என்று எடுத்துத் தர வேண்டும். சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடியிருக்கின்றன.

1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பதினோராவது அடிக்குறிப்பில் முதலில் வரும் பெயர் கென்னத் கிளார்க். ஒரு பொம்மை விளையாட்டு நாட்டின் சட்டத்தைத் திருப்பிய கதை என்று இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தீர்ப்பு சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியான ஒரு தீர்ப்புக்கு ஆதரவாக வரும் வாதங்கள் எல்லாமே சரியாக இருந்துவிடுவதில்லை.

முதல் சங்கடம் அந்த எண்களிலேயே இருக்கிறது. வெள்ளைப் பொம்மையை விரும்பியவர்கள் பிரிவினைப் பள்ளிகள் இருந்த தெற்கில் அல்ல, வடக்கில்தான் சற்று அதிகம். இரண்டாவது சங்கடம் இதைவிட ஆழமானது. ஐந்து வயதுக் குழந்தையிடம் பத்து ரூபாய்த் தாளையும் நூறு ரூபாய்த் தாளையும் நீட்டி எது பெரியது என்று கேட்டால் நூறைக் காட்டும். அதற்கு ஊர் நிலவரம் தெரிந்திருக்கிறது என்பது இதன் பொருள். தன்னிடம் இருக்கும் பத்து ரூபாயை அது வெறுக்கிறது என்பது பொருளல்ல. வெள்ளைப் பொம்மையை நல்லது என்று காட்டிய குழந்தை தன்னைப் பற்றிச் சொன்னதா, உலகத்தைப் பற்றிச் சொன்னதா? அறையைவிட்டு ஓடிய குழந்தை தன்னைப் பற்றித்தான் சொன்னது. அதை மறுக்க முடியாது. மற்றவை? அவை தாம் வாழும் ஊரைச் சரியாக வாசித்துவிட்ட குழந்தைகளாக இருக்கலாம். வாசிப்பையும் காயத்தையும் ஒன்றாக்கிவிடும்போது ஒரு சமூகமே மனநோயாளியாகிவிடுகிறது. நோய் இருக்குமிடம் குழந்தையா, ஊரா என்ற கேள்வி அதோடு காணாமல் போகிறது.

3

அளவைக்குப் பிறகு ஏணி வந்தது. மனித வாழ்வை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டிய எரிக் எரிக்ஸனின் நூல் 1950இல் வந்தது. வாலிபத்தின் வேலை தன் அடையாளத்தைத் தேடிக்கொள்வது என்றார் அவர். சொன்னவரின் கதை கவனிக்கத்தக்கது. யூதத் தாய்க்கு 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. பொன்முடியும் நீலக்கண்ணுமாக இருந்ததால் யூதக் கோயிலில் அவரை அந்நியன் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் யூதன் என்றார்கள். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோது, மாற்றாந்தந்தை கொடுத்த ஹோம்பர்கர் என்ற பெயரை நடுவில் ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு எரிக்கின் மகன் என்று பொருள்படும் எரிக்ஸன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். தனக்குத் தானே மகன். அடையாளத்தை ஒரு சாதனையாகப் பார்த்த தத்துவம் அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1971இல் வில்லியம் கிராஸ் என்ற கறுப்பின மனோதத்துவவாதி இந்தப் படிகளை நிறத்துக்குக் கொண்டுவந்தார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நேற்றுவரை 'நீக்ரோ' என்று சொல்லிக்கொண்டவர்கள் 'கறுப்பர்' என்று நிமிர்ந்துகொண்டிருந்த காலம். அந்த மாற்றத்தைக் கண்ணெதிரே பார்த்து எழுதினார். அவர் சொன்ன படிகள் ஐந்து. முதலில், நிறம் ஒரு பொருட்டே அல்ல என்றோ வெள்ளையே மேல் என்றோ இருப்பது. பிறகு ஒரு மோதல்: ஒரு சாவு, ஓர் அவமானம், ஒரு சொல். மூன்றாவது, கறுப்பில் முழுக மூழ்குவது: உடை, முடி, பெயர், கோபம் எல்லாம் மாறுகின்றன, வெள்ளையன் எல்லாம் எதிரி. நான்காவது, அந்தச் சூடு தணிந்து கறுப்பு தன் இயல்பாகிவிடுவது. ஐந்தாவது, அந்த இயல்பைத் தொடர்ந்த செயலாக்குவது.

மால்கம் எக்ஸின் வாழ்க்கை இந்த ஏணிக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது. 1925இல் மால்கம் லிட்டில் என்ற பெயரில் பிறந்தார். பள்ளியில் கெட்டிக்காரன். வக்கீலாக வேண்டும் என்று சொன்னபோது, உன் இனத்துக்கு அது ஒத்துவராது, தச்சு வேலை பார் என்று ஆசிரியர் புத்தி சொன்னார். வாலிபத்தில், மண்டைத் தோல் வெந்துபோகும் காரக்கலவையைத் தடவிச் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டார். சிறை, 1946இலிருந்து 1952 வரை. அங்கே படிப்பு, அங்கேயே மதமாற்றம். வெளியே வந்தபோது லிட்டில் இல்லை, எக்ஸ். அடிமைப்படுத்தியவன் கொடுத்த பெயரை அடித்துவிட்டு, தொலைந்துபோன பெயருக்காக விட்ட வெற்றிடம் அந்த எழுத்து. பன்னிரண்டு ஆண்டுகள் வெள்ளையனைச் சாத்தான் என்று மேடையேறிச் சொன்னார். 1964இல் மெக்காவுக்குப் போய் எல்லா நிறத்து முஸ்லிம்களோடும் ஒரே தட்டில் சாப்பிட்டார். திரும்பி வந்தபோது வேறு பேச்சு. 1965 பிப்ரவரி 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது முப்பத்தொன்பது.

ஏணி கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். மெக்காவுக்குப் போகும் முன்பே, 1964இன் தொடக்கத்தில் அவர் கொல்லப்பட்டிருந்தால்? மூன்றாம் படியில் தேங்கிப்போன, முதிராத மனிதர் என்று எழுதியிருப்போமா? அப்படியானால் அவருடைய கோபம் எதைப் பற்றியது என்பதையே பேசாமல், அது எந்த வயசுக் கோபம் என்பதை மட்டும் பேசியிருப்போம். படிநிலைத் தத்துவங்களின் ஆபத்து இது. விவரணையாகத் தொடங்குகிறது, மதிப்பெண்ணாக முடிகிறது. கோபத்தை ஒரு பருவமாக்கிவிட்டால் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். பையனுக்கு மீசை முளைக்கும்போது வரும் முரட்டுத்தனத்தைச் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போகும் பெரியப்பாவின் முகம் அது. கிராஸின் நான்காம் படி வெள்ளை வாசகனுக்கு ஏன் அத்தனை இதமாக இருக்கிறது என்று யோசித்தால் இது விளங்கும்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் மால்கமுக்கே துரோகம் செய்தவனாவேன். அவர் சுயசரிதையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவர் பேச்சைக் கேட்ட ஒரு வெள்ளைக் கல்லூரி மாணவி அவரைத் தேடி நியூயார்க்குக்கே வந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறார். அவள் அழுதுகொண்டே போகிறாள். பின்னால் அவர் இதற்காக வருந்தினார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று, கடைசி மாதங்களில், வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த வருத்தம் என்ன வகையானது? கோபம் தணிந்துவிட்டதால் வந்த வருத்தமாக எனக்குப் படவில்லை. 1964இன் கடைசியிலும் அமெரிக்க அரசை ஐக்கிய நாடுகள் சபையில் நிறுத்த வேண்டும் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். குறைந்தது கோபமல்ல, அதன் முகவரி திருத்தப்பட்டது. ஓர் அமைப்புக்குப் போக வேண்டிய பதில் ஒரு பெண்ணின் மேல் போய் விழுந்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். முதிர்ச்சி என்ற சொல்லுக்கு இங்கே ஏதாவது அர்த்தம் இருக்குமானால் அது இதுவே: எதிரே நிற்பவரையும் அவர் பின்னே நிற்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது. இதை ஏணியின் எந்தப் படியிலும் நின்று செய்யலாம். எந்தப் படியிலும் தவறவும் விடலாம்.

4

கிராஸ் நேர்மையான மனிதர். இருபது ஆண்டுகள் கழித்து, 1991இல், கறுப்பின் பல சாயல்களைப் பற்றி எழுதிய நூலில் தம் முதல் படியையே திருத்தினார். ஒருவன் தன்னைத் தனிமனிதனாக மதித்துக்கொள்வது வேறு. தன் கூட்டத்தோடு தன்னை எவ்வளவு இணைத்துக்கொள்கிறான் என்பது வேறு. பொம்மைச் சோதனையிலிருந்து தொடங்கி எல்லோரும் இரண்டாவதை அளந்துவிட்டு முதலாவதைப் பற்றி முடிவு சொல்லியிருக்கிறார்கள் என்றார். நிறத்துக்குத் தன் வாழ்வில் முக்கியத்துவம் தராத கறுப்பன் தன்னைத்தானே வெறுப்பவனாக இருக்க வேண்டியதில்லை. அவனுக்கு இசையோ மதமோ தொழிலோ முக்கியமாக இருக்கலாம்.

இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் உடனே ஓர் அறக்கேள்வி எழுகிறது. அடையாளம் ஒரு கடமையா? வேண்டாம் என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டா?

இதை ஒரு விமர்சகனின் வாழ்க்கையை வைத்துக் கேட்கிறேன். அனட்டோல் பிராயர்ட் 1920இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். பெற்றோர் கறுப்பினத்தவர், தோலோ வெளுப்பு. தென் மாநிலச் சட்டங்கள் பலவற்றில் மூதாதையரில் ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலே கறுப்பன். வர்ஜீனியா 1924இல் இதைச் சட்டமாக எழுதிவைத்தது. கலப்புமணத்துக்கு அந்தச் சட்டம் விதித்த தடை உச்சநீதிமன்றத்தில் விழ 1967 வரை ஆயிற்று. ஆக, நிறப்பிரச்சினை என்பது நிறத்தைப் பற்றியதே அல்ல, பிறப்பைப் பற்றியது. பிராயர்ட் தன் பிறப்பைச் சொல்லாமல் விட்டார். வெள்ளையராக வாழ்ந்தார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் 1970களிலும் 80களிலும் நாடறிந்த புத்தக விமர்சகராக இருந்தார். 1990இல் புற்றுநோயால் இறந்தார். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வளர்ந்த பிள்ளைகள் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. அப்போதும் சொன்னது அவரல்ல, மனைவி.

அவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் விரும்பியது என்ன? 'கறுப்பு எழுத்தாளர்' என்ற அடைமொழி இல்லாமல் எழுத்தாளராக இருப்பது. தன் வாக்கியத்தை வாக்கியமாகவே படிக்க வேண்டும் என்று கேட்பது. எழுத்தைப் பார், எழுதியவனைப் பார்க்காதே என்று சிறுபத்திரிகைகளில் ஓயாமல் சொல்லிவருகிற நாம் அதே ஆசையை அவரிடம் குற்றம் என்று சொல்ல முடியுமா? அந்த அடைமொழியை ஒட்டியது அவரல்ல. ஒட்டியவர்களை விட்டுவிட்டு, உரித்து எறிந்தவரைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

நியாயமில்லை. ஆனாலும் கணக்கு அதோடு முடியவில்லை. பிராயர்டின் சகோதரி ஒருவர் கறுப்பராகவே வாழ்ந்தார். அவருடைய கணவர் ஃபிராங்க்ளின் வில்லியம்ஸ், கறுப்பர் உரிமை வழக்குகளை நடத்தியவர். பின்னாளில் கானாவில் அமெரிக்கத் தூதர். அந்தக் குடும்பத்தைப் பிராயர்டின் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்தார்கள். ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு இன்னும் சிலர் இல்லாமல் போக வேண்டியிருந்தது. பெற்ற தாய், உடன் பிறந்தவள் எல்லோரும் அந்த மௌனத்துக்கு வாடகை கொடுத்தார்கள். பிராயர்ட் தவறியது இங்கேதான். தன் 'உண்மையான' அடையாளத்துக்குத் துரோகம் செய்தார் என்பது என் குற்றச்சாட்டல்ல. அப்படி ஒன்று இருப்பதாக எனக்கு நிச்சயமில்லை. சில மனிதர்களுக்குச் செய்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளமையில் அவர் எழுதிய சுயசரிதைச் சாயலுள்ள ஒரு கதையைப் பார்த்துவிட்டு எல்லோரும் எதிர்பார்த்த நாவல் வரவே இல்லை. காரணம் இதுதான் என்று சொல்வது விமர்சகனின் அவசரமாகிவிடும். ஆனால் தன் தகப்பனாரைப் பற்றி முழுதாக எழுத முடியாத நிலையில் ஒருவன் எத்தனை வாக்கியங்களைத் தொடங்கி அடித்திருப்பான் என்று நினைக்காமலிருக்க முடியவில்லை.

1946இல் அம்பேத்கர் டூ பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர் ஐக்கிய நாடுகள் சபைக்குத் தந்த மனுவின் பிரதி கேட்டு எழுதிய சிறு கடிதம். அவர்களுடைய நிலைக்கும் இங்கே தீண்டப்படாதோரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சொல்கிறார். டூ பாய்ஸ் அனுதாபத்தோடு பதில் எழுதினார். இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் பிராயர்டின் கதையைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஊர் எது, தெரு எது என்று கேட்கும் குரலுக்குப் பேச்சை மாற்றத் தெரிந்த மனிதர்களை நாம் அறிவோம். அவர்களை முதிராதவர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

5

இதுவரை பேசியதெல்லாம் கேட்கப்பட்டவர்களைப் பற்றி. கேட்டவர்கள்?

ஜேனட் ஹெல்ம்ஸ் என்ற கறுப்பின மனோதத்துவவாதி 1984இல் ஏணியைத் திருப்பி வைத்தார். வெள்ளையருக்கும் இன அடையாள வளர்ச்சி உண்டு என்றார். அதன் முதல் படி தனக்கு இனம் ஒன்று இருப்பதே தெரியாமலிருப்பது. பிறகு உண்மை தெரிந்து குழம்புவது. குழப்பம் தாளாமல் மறுபடி பழைய அணியிலேயே போய் ஒதுங்குவது. புத்தியளவில் மட்டும் சமத்துவம் பேசுவது. கடைசியாக, பிறரைத் தாழ்த்தாமலே தானாக இருக்கக் கற்பது.

மற்ற படிகளைவிட அந்த முதல் படிதான் முக்கியம். நான் சும்மா மனிதன், மற்றவர்கள்தான் கறுப்பர், யூதர், இந்தியர் என்ற நினைப்பு. கறுப்பனுக்குப் பத்து வயதில் முடிந்துபோகிற இந்த வெகுளித்தனம் வெள்ளையனுக்கு எழுபது வயது வரை நீடிக்கலாம். யாரும் கார்டை மறுக்கப்போவதில்லை. இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. நிறத்தை மறந்து சமநிலையோடு வாழ்பவன் என்று நாம் முதிர்ச்சிக்கு வரையும் உருவம் இந்த முதல் படியில் நிற்பவனைப் பார்த்தே வரையப்பட்டிருக்கிறது. ஒருவனுக்குத் தொடக்கத்திலேயே இலவசமாகக் கிடைத்த மறதியை இன்னொருவன் அறுபது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்தால் அதற்குப் பெயர் பக்குவம்.

6

பக்குவத்துக்குக் கடைசிப் படி உண்டா? 1989இல் தாமஸ் பாரம், கிராஸின் படிகளை முழு வாழ்நாளுக்கும் நீட்டிப் பார்த்துவிட்டு, ஒருவர் நடுவயதிலோ முதுமையிலோ மறுபடி முதலிலிருந்து சுற்றிவர நேரலாம் என்றார். பிள்ளை பிறப்பது, வேலை போவது, தகப்பன் சாவது எதுவும் கேள்வியைத் திரும்பக் கேட்கவைக்கும். ஏணி இப்படி வட்டமாகிறது.

டூ பாய்ஸிடமே திரும்புவோம். தொண்ணூற்றைந்து வருஷ வாழ்க்கை. 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1899இல் அட்லாண்டாவில் அவருடைய குழந்தை இறந்தது. 1910இலிருந்து, கறுப்பரின் சம உரிமைக்கான சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியர். நிறப் பிரிவினையை எதிர்ப்பதே அந்தச் சங்கத்தின் உயிர்நாடி. 1934இல், அறுபத்தாறாவது வயதில், கறுப்பர் தங்களுக்கென்று தனி நிறுவனங்களைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அதே பத்திரிகையில் எழுதிவிட்டு, சண்டையிட்டு ராஜினாமா செய்தார். ஏணியின்படி இது பின்னடைவு. நாலாம் படியிலிருந்து மூன்றுக்கு வழுக்கிவிட்ட கிழவர். நடந்தது என்ன? பொருளாதார மந்தம். வேலையிலிருந்து முதலில் கறுப்பனே தூக்கி எறியப்பட்டான். ஒருங்கிணைப்பு என்ற வாக்குறுதி ரொட்டி தரவில்லை. அவர் மாறவில்லை, உலகம் கேள்வியை மாற்றிக் கேட்டது.

1949இல், எண்பத்தொரு வயதில், வார்ஸா நகரில் யூதச் சேரி இருந்த இடத்தின் இடிபாடுகளைப் பார்த்தார். நிறத்தால் வேறுபடாத மனிதர்களுக்கு நிகழ்த்தப்பட்டது இது. தம் பிரச்சினையை நிறக்கோட்டுக்குள் மட்டும் வைத்துப் பார்த்திருந்த பார்வை அங்கே விரிந்தது என்று பின்னர் எழுதினார். கவனிக்க வேண்டும்: கறுப்பை விட்டு வெளியே வந்து மானுடத்தை அடைந்தார் என்பதல்ல. கறுப்பின் வழியாகவே வார்ஸாவைப் பார்க்க முடிந்தது. 1951இல் அரசு அவரை அந்நிய நாட்டின் ஏஜெண்டு என்று குற்றஞ்சாட்டிக் கைவிலங்கு போட்டது, வழக்கு நிற்கவில்லை. 1961இல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்துவிட்டுக் கானாவுக்குப் போனார். 1963 ஆகஸ்டு 27இல் அங்கே இறந்தார். மறுநாள் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணி மேடையில் அவர் சாவு அறிவிக்கப்பட்டது. இந்த மனிதருக்கு எந்தப் படி? 1940இல் எழுதிய சுயசரிதையை ஓர் இனக் கருத்தின் சுயசரிதை என்றே அவர் அழைத்தார். வயதாவது மனிதனுக்கு மட்டுமல்ல. அவனிடம் கேட்கப்படும் கேள்விக்கும் வயதாகிறது, அதுவும் நிறம் மாறுகிறது.

7

வங்கியில் நாளெல்லாம் படிவங்களோடு உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறது என்பதைவிட அதை நிரப்புவது யார் கை என்பதுதான் விஷயம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1960க்கு முன்வரை, வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளர் முகத்தைப் பார்த்து இனத்தை எழுதிக்கொண்டு போவார். பிறகுதான் மெல்ல மெல்ல அவரவரே நிரப்பும் முறை வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் குறியிடலாம் என்ற அனுமதி 2000இல் வந்தது. அந்த ஆண்டு 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். 2010இல், கான்ஸாஸைச் சேர்ந்த வெள்ளைத் தாய்க்குப் பிறந்த பராக் ஒபாமா, ஜனாதிபதியாக இருந்தபோது, இரண்டு கட்டங்களுக்கும் உரிமை இருந்தும் 'கறுப்பர்' என்ற ஒன்றில் மட்டும் குறியிட்டார். சிலர் தாயை மறந்துவிட்டார் என்றார்கள், சிலர் சரியான முதிர்ச்சி என்றார்கள். இரண்டு தரப்பும் அவர் பேனாவைப் பிடுங்கப் பார்த்தவர்கள்தான்.

நான் வந்து சேரும் இடம் இது. இன அடையாளத்தின் வளர்ச்சியை விவரிக்க மனோதத்துவத்துக்கு உரிமை உண்டு. அந்த விவரணை பலருக்கு, தம் வேதனை தமக்கு மட்டும் வந்த பைத்தியமல்ல என்ற ஆறுதலைத் தந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விவரணை தீர்ப்பாகும் இடத்தில் நாம் நின்றுவிட வேண்டும். கேட்கப்பட்டவன் எந்த வயதில் என்ன பதில் சொல்ல வேண்டும், எப்போது கோபம் தணிய வேண்டும் என்று காலக்கெடு வைக்கும் உரிமை கேட்டவர்களுக்கு இல்லை. கேட்கப்பட்டவனிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று. எல்லா மனிதரிடமும் எதிர்பார்ப்பதே அது: தன் பதிலுக்கான விலையைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டாமலிருப்பது. மால்கம் அதைக் காலம் தாழ்ந்தாவது கண்டார். பிராயர்ட் காணவில்லை.

கிளார்க் தம்பதியர் மூன்று வயதுக் கறுப்புக் குழந்தையிலிருந்து தொடங்கினார்கள். கிரேட் பாரிங்டனில் கார்டை வாங்க மறுத்த அந்தப் பெண்ணுக்கும் அதற்கு முன்பு மூன்று வயது இருந்திருக்கிறது. அவள் பிறக்கும்போதே அதைக் கற்றுக்கொண்டு பிறக்கவில்லை. எந்த வயதில், யார் மடியில் உட்கார்ந்து, என்ன சொல்லக் கேட்டு அவள் அதைக் கற்றாள்? டூ பாய்ஸைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது.